கேட்போரும் கற்போரும்



காலை ஏழரை மணி அளவில் தாம்பரம் இரயில் நிலையத்தின் நடைமேடையில் சற்று நேரம் நின்று பாருங்கள். செங்கற்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் வரும் மின்சார வண்டிகளில் மாணவர் கூட்டம் நிரம்பி வழியும். இடம் கிடைத்தவர் அமர்ந்திருப்பர். கிடைக்காதவர் வாயிலருகே கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பர். ஒரு கையில் கம்பி. மறு கையில் கைப்பேசி. சிலர் பாட்டுக் கேட்கின்றனர், சிலர் விளையாடுகின்றனர். ஆனால் உற்று நோக்கினால், சிலருடைய சிறு திரையில் ஒரு கரும்பலகையும் அதன் அருகில் ஓர் ஆசிரியரும் தோன்றுவதைக் காணலாம். ஓடும் வண்டியிலே பாடம் நடந்துகொண்டிருக்கிறது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அந்நாளில் கல்லூரிப் படிப்பை நாடிய புறநகர் இளைஞர் வடக்கு நோக்கிச் செல்ல வேண்டியிருந்தது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்து நெருக்கடியை நீங்கித் தாம்பரத்துக்கு வந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1959இல் கிண்டிக் காட்டை ஒட்டி ஐ.ஐ.டி. தோன்றியது. இவ்வாறு கல்வி சிறிது சிறிதாகத் தெற்கு நோக்கி நகர்ந்து வந்தது. இப்பொழுதோ கல்லூரியே கைப்பேசிக்குள் புகுந்து, மாணவன் செல்லுமிடமெல்லாம் அவனோடு செல்கிறது.

அந்த வண்டியில் இருக்கும் இளைஞர் பாடம் கேட்கின்றனர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் கற்கின்றனரா? இக்கேள்வியை நான் பிறரைக் குறை கூறுவதற்காக எழுப்பவில்லை. என்னுடைய தோல்வி ஒன்றிலிருந்தே இது பிறந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாகக் கல்விக்கூடங்கள் யாவும் மூடப்பட்டபோது, நான் இப்புறநகர்ப் பகுதியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடங்களைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்புமாறு எங்களைப் பணித்தனர். வகுப்பில் எவ்வாறு பேசுவேனோ, அவ்வாறே ஒரு மணி நேரம் கைப்பேசியின் முன் அமர்ந்து பேசினேன். ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்பொழிவுகள் ஆயின. எத்தனை மணி நேரம் பதிவாயிற்று என்று வாரந்தோறும் கணக்குக் கேட்டார்களேயன்றி, எத்தனை பேர் இறுதிவரை கேட்டனர் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்டேனில்லை. மறு ஆண்டு கல்லூரி திறந்தது. முன் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தியிடம், "என் பாடங்களைக் கேட்டாயா, அம்மா?" என்று வினவினேன். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "கேட்டேன், ஐயா. தங்கள் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். நான் சமைத்துக்கொண்டிருப்பேன்" என்றாள். அவளுடைய தாய் தாம்பரத்து ஏற்றுமதி வளாகத்தில் வேலைக்குச் செல்பவர். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. தம்பியும் அதிலேதான் படிக்க வேண்டும்.

அவள் கூறியதில் குற்றம் காண எனக்கு இடமில்லை. சமைத்துக்கொண்டே கேட்கக்கூடிய ஒன்றைத்தானே நான் செய்து அனுப்பியிருந்தேன்! அவள் செய்ய வேண்டியது என எதையும் அப்பாடத்தில் நான் வைக்கவில்லை. பாடத்தை அமைப்பது வேறு, பேசுவது வேறு என்பதை அன்று உணர்ந்தேன். வரலாறு படித்தவன் ஆதலால், முன்னோர் இத்தொல்லையை எவ்வாறு சமாளித்தனர் என்று தேடத் தொடங்கினேன். ஆசிரியர் சிலர், கற்போர் பலர். இருவருக்கும் இடையே தொலைவு. இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்தது அன்று.

அத்தேடலில் நான் முதலில் சென்று நின்ற இடம் எழும்பூர். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் நிறுவப்பட்ட, படைவீரர் மக்களுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகள் பலர், ஆசிரியரோ மிகச் சிலர், அவர்களும் ஊக்கமற்றவர்கள். ஒருநாள் காலை அவர் குதிரை மீது செல்லும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். நம் திண்ணைப் பள்ளிகளில் தொன்றுதொட்டு நடந்துவந்த முறைதான் அது. உடனே விடுதிக்குத் திரும்பி, அவ்வாறே கற்பிக்குமாறு ஆசிரியரிடம் கூறினார். அவர்கள் முடியாது என்றனர். பெல் மனந்தளரவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, இளைய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும்படி அமர்த்தினார். ஆசிரியர்களால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று. பின்னர் விடுதி முழுவதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை ஆங்கிலேயரின் பள்ளிக்குள் நுழைந்த வரலாறு இதுவே.

பெல் 1797இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் இதற்கு "மதராஸ் முறை" என்றே பெயர் வழங்கிற்று. அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் திறக்கப்பட்ட பள்ளி இன்றும் "மதராஸ் கல்லூரி" என்ற பெயரோடு நடந்துவருகிறது. திண்ணைக்குக் கிடைக்காத புகழ் பெயருக்கேனும் கிடைத்தது என்று மகிழ்ந்துகொள்ளலாம். இம்முறையை நான் முழுவதும் புகழ மாட்டேன். செலவைக் குறைக்க விரும்பியவர்களுக்கு அது ஒரு நல்ல சாக்காகவும் பயன்பட்டது; ஆழமாகச் சிந்திக்க வேண்டிய பாடங்களை ஒரு சட்டாம்பிள்ளையால் கற்பிக்க இயலாது. ஆயினும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மணலில் எழுதும் பிள்ளையின் கை ஓயாது. அவன் செய்யும் தவறு அப்போதே கண்ணுக்குத் தெரியும், அப்போதே அழிக்கப்படும், அப்போதே திருத்தமும் பெறும்.

மணலும் விரலும் அருகருகே இருந்தவர்க்குப் பயன்பட்டன. தொலைவில் இருந்தவர்க்கு? இதற்கு முதல் விடை அஞ்சல் துறையால் கிடைத்தது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் வசதி ஏற்பட்டது. ஐசக் பிட்மன் என்பவர் தாம் அமைத்த சுருக்கெழுத்து முறையை அதன் வழியே கற்பிக்கத் தொடங்கினார். அவர் பாடத்தை மட்டும் அனுப்பிவிட்டு ஓயவில்லை. மாணவர் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் திருத்தி மீண்டும் அனுப்புவார். அந்தத் திரும்பி வரும் தபாலை நீக்கிப் பாருங்கள். எஞ்சுவது புத்தக வியாபாரந்தான்.

நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதற்கெனத் தனி அமைப்புகளை ஏற்படுத்தின. வேலைக்குச் சென்றோரும் இல்லத்தரசியரும் ஆயிரக்கணக்கில் பட்டம் பெற்றனர். நானும் பிறிதொரு பட்டத்தை அஞ்சல் வழியில் படித்தவன். முதல் ஆண்டு ஒப்படைப்புகளை ஒழுங்காக எழுதி அனுப்பினேன். இரண்டாம் ஆண்டு சோம்பினேன். தேர்வுக்கு முந்திய மாதந்தான் பாடநூற் கட்டின் கயிற்றை அவிழ்த்தேன். தேர்வில் வெற்றி பெற்றேன் என்பது உண்மை. இரண்டாம் ஆண்டுப் பாடங்களுள் இன்று எனக்கு நினைவிலிருப்பது ஒன்றுமில்லை என்பதும் உண்மை.

இனி வானொலிக்கு வருவோம். வானொலியில் பேசிக்கொண்டே வானொலியின் குறையைச் சொல்வது நன்றியின்மை ஆகாது என நம்புகிறேன். சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. நான் பேசுவது உங்களை எட்டுகிறது. நீங்கள் முகஞ்சுளிப்பது என்னை எட்டுவதில்லை. இக்குறையை நீக்க 1956இல் பூனாவில் ஒரு சோதனை நடந்தது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோவின் துணையோடு, ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு மன்றத்திலும் இருபது பேர் அளவில் இருந்தனர். அவர்களுக்குத் தலைவர் ஒருவர், அமைப்பாளர் ஒருவர். வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சியாக இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. நிகழ்ச்சி முடிந்தவுடன் வானொலிப் பெட்டியை நிறுத்திவிட்டு, கேட்டதைப் பற்றி அவர்கள் தமக்குள் பேச வேண்டும். ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நிலையத்தார் பின்னர் வரும் நிகழ்ச்சியில் அவற்றுக்கு விடை கூற வேண்டும்.

பால் நியூராத் என்னும் சமூகவியல் அறிஞர் இச்சோதனையை ஆராய்ந்தார். மன்றம் அமைந்த ஊர்கள் ஒருபுறம். வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் அமையாத ஊர்கள் மற்றொருபுறம். இரண்டும் இல்லாத ஊர்கள் வேறொருபுறம். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு மிகுதியும் வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. ஒலி ஒன்றே; பேச்சு ஒன்றே; கேட்டபின் கூடிப் பேசியதே வேறுபாடு. இணையவழிப் பாடம் அமைக்கும் எவரும் இந்தச் சோதனையைப் படித்தல் வேண்டும் என்பேன். நம் தஞ்சை மாவட்டத்தில் அறுபதுகளின் இடையில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் பரவியபோது, உழவர்கள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயரிட்டனர். வானொலியில் கேட்டதை வயலில் இட்டுப் பார்த்தார்கள். விளைச்சல் விடை கூறிற்று.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. 1975, 1976ஆம் ஆண்டுகளில் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. தமிழகம் அவற்றுள் இல்லை. 2004இல் கல்விக்கென்றே எடுசாட் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2019இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நம் கேள்விக்கு இவற்றில் புதிய விடை மிகுதியாக இல்லை என்பதால் மேலே செல்கிறேன்.

விடையைத் தேடி நான் நெடுந்தொலைவு சுற்றினேன். அது இருந்ததோ தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், தரமணியில்.

1999ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. இன்று நீங்கள் தமிழில் தட்டச்சுச் செய்யும் "தமிழ்99" விசைப்பலகை அம்மாநாட்டின் பயனாகப் பிறந்ததே. உலகெங்கும் வாழும் தமிழர் தம் மொழியைக் கற்பதற்கு இணையத்தின் வழியே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற அறிவிப்பும் அங்கேதான் வந்தது. அந்த எண்ணத்துக்கு உரு அமைத்தவர் வா. செ. குழந்தைசாமி அவர்கள். நீரியல் பொறிஞர்; கவிஞர்; அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். தொலைக்கல்வியின் நிறை குறைகளை உள்ளிருந்து கண்டவர் அவர். 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடக்கம் பெற்றது. மு. பொன்னவைக்கோ அதன் முதல் இயக்குநர். தரமணியில் அதற்கு முந்திய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்த டைடல் பூங்காவில் அது இயங்கிற்று. பின்னர் 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது.

அக்காலத்தை இன்றைய மாணவர் நினைத்துப் பார்ப்பது அரிது. வீடுகளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்து வரும். ஒரு படம் திரையில் முழுவதும் தோன்றுவதற்குள் ஒரு குவளை காப்பி குடித்துவிடலாம். தமிழ் எழுத்துருக்களோ ஆளுக்கொன்று. ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். காணொளியை நம்பிப் பாடம் நடத்த இயலாது. ஆகவே எழுத்தையே நம்ப வேண்டியதாயிற்று. அந்த வறுமை ஒருவகையில் நன்மையாக முடிந்தது என்பது என் கருத்து. பேசிக்கொண்டே போகும் வசதி இல்லாதவர்கள் பாடத்தை அமைப்பது பற்றிச் சிந்தித்தே ஆகவேண்டும் அல்லவா?

அப்பாடங்களை இன்றும் நீங்கள் திறந்து பார்க்கலாம். பட்ட வகுப்புக்குரிய பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே, இப்பாடம் எதைப் பற்றியது, இதைப் படித்தால் உனக்கு என்ன கைகூடும் என்பவை சில வரிகளில் சொல்லப்படுகின்றன. பிறகு பாடம் சிறு சிறு பகுதிகளாகச் செல்கிறது. பாதி வழியில் நிறுத்தி, "தன்மதிப்பீடு" என்ற தலைப்பில் சில வினாக்கள் கேட்கப்படுகின்றன. படித்தவர் விடையை எண்ணிப் பார்த்து, பிறகு அங்கே தரப்பட்டுள்ள விடையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மீண்டும் பாடம்; மீண்டும் வினா. தமிழறியாப் பிள்ளைகளுக்கென மழலைக் கல்வியும், அதன்மேல் சான்றிதழ்ப் படிப்புகளும் அடுக்கப்பட்டிருந்தன. மலேசியாவிலோ கனடாவிலோ இருக்கும் சிறுவனுக்குப் பக்கத்தில் சட்டாம்பிள்ளை இல்லை. அவனுடைய இடத்தைத் தன்மதிப்பீட்டு வினா ஏற்றுக்கொண்டது.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வினாக்கள் பெரும்பாலும் பாடத்தில் உள்ளதைத் திருப்பிச் சொல்லச் செய்பவை. விடையை முன்கூட்டியே பார்த்துவிடும் சோம்பேறியைத் தடுக்க வழியில்லை. ஆயினும் நாற்பது சொற்பொழிவுகளைப் பதிவு செய்து வைத்திருந்த நான், அருகில் இருந்த இந்தப் பாடங்களை அதற்கு முன்னரே ஒரு முறை பார்த்திருந்தால், அம்மாணவியின் முன் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

தரமணிக்கு அடுத்திருப்பது ஐ.ஐ.டி. வளாகம். அங்கே நடந்த கதை இதற்கு மாறான திசையிலிருந்து வந்து இதே இடத்தில் முடிகிறது. நாடெங்கும் பொறியியல் கல்லூரிகள் பெருகின, நல்லாசிரியர் பெருகவில்லை. ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்களை எல்லாக் கல்லூரிக்கும் கிடைக்கச் செய்தால் என்ன என்று எண்ணினர். 2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி, மத்திய அரசின் பொருளுதவியோடு என்.பி.டெல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. அப்போது சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்த எம். எஸ். அனந்த் அதற்கு முன்னின்றார். ஒருங்கிணைப்பும் சென்னையிலேயே அமைந்தது. பொறியியலின் ஐந்து அடிப்படைத் துறைகளில் பாடங்கள் பதிவாயின. ஒரு பாடத்துக்கு நாற்பது சொற்பொழிவு அளவில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அவற்றைக் கண்டு பயன்பெற்ற மாணவரும் ஆசிரியரும் மிகப் பலர். நாற்பது சொற்பொழிவு, ஒரு மணி நேரம் என்ற கணக்கைக் கேட்டதும் எனக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. பேரறிஞர்களும் என்னைப் போலவே தொடங்கியிருக்கின்றனர்!

ஆனால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. இதற்கிடையில், 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆசிரியர் இருவர் செயற்கை அறிவு பற்றிய ஒரு பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தனர். முடித்தவர் இருபதாயிரத்துக்குச் சற்று மேல். இருபதாயிரம் பெரிய எண்தான். இடையில் நின்றவர் தொகையையும் கணக்கிட்டுப் பாருங்கள். 2014இல் ஆய்வாளர் சிலர் இத்தகைய பாடங்களின் காணொளிகளை மாணவர் பார்த்த விதத்தை, ஏறத்தாழ 69 இலட்சம் அமர்வுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர் அதில் நிலைத்திருக்கும் நேரத்தின் நடு அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை எனக் கண்டனர். இதிலிருந்து, எல்லாவற்றையும் ஆறு நிமிடமாக வெட்டிவிட்டால் போதும் என்று சிலர் முடிவு கட்டிவிட்டனர். கரும்பைத் துண்டு போட்டுவிட்டால் சாறு தானே வந்துவிடாது, மென்றாக வேண்டும்.

என்.பி.டெல். திட்டத்தார் 2014இல் சான்றிதழ்ப் படிப்புகளைத் தொடங்கியபோது, மாணவர் மென்றாக வேண்டிய ஏற்பாட்டைச் செய்தனர். பாடங்கள் வாரம் வாரமாகப் பிரிந்தன. நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் படிப்புகள் ஆயின. ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்பு. அதற்கு ஒரு கடைசி நாள். ஐயம் கேட்க ஒரு மன்றம். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு எழுத விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும். பன்னிரண்டு வாரப் படிப்பில், வார ஒப்படைப்புகளுள் சிறந்த எட்டுக்கு நூற்றுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. இந்த 25 என்னும் சிறு எண்ணை நான் பெரிதும் மதிக்கிறேன். என் இரண்டாம் ஆண்டுச் சோம்பலுக்கு அதில் இடமில்லை. அதே வேளையில், நான்கு வாரம் காய்ச்சலில் கிடந்தவனுக்கும் அது வாயிலை மூடிவிடவில்லை. 2017இல் தொடங்கிய மத்திய அரசின் சுவயம் தளம், காணொளி, படிக்கும் பகுதி, கலந்துரையாடல் மன்றம், தன்மதிப்பீடு ஆகிய நான்கும் இருந்தாலன்றி ஒரு படிப்பு முழுமையாகாது என்று விதித்தது. பூனா மன்றமும் தரமணித் தன்மதிப்பீடும் இங்கே ஒன்று கூடிவிட்டன.

வினா கேட்பது எதற்கு, நன்றாகத் திரும்பத் திரும்பப் படித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 2006இல் இதைச் சோதித்தனர். மாணவரை ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கச் செய்தனர். ஒரு பிரிவினர் அதையே மீண்டும் படித்தனர். மற்றொரு பிரிவினர் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவரே வென்றனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ நினைவிலிருந்து எழுதியவர் முந்தினர். தேர்வுக்கு முந்திய இரவு படிப்பவர்களே, அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான் நீங்களும் நானும் நெடுநாள் நம்பிவந்திருக்கிறோம்!

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. அதில் சேர முதலில் நான்கு வாரப் பாடம், வாரந்தோறும் ஒப்படைப்பு, அவற்றில் தக்க மதிப்பெண் பெற்றவரே தகுதித் தேர்வு எழுதலாம். முன்பே கற்றிருப்பவனைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அன்று. இப்போது கற்பவனைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. அந்த நான்கு வாரப் பாடங்களுள் ஒன்று கணினிவழிச் சிந்தனை என்பது. அதைக் கற்பிப்பவர்களுள் ஒருவர் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த்; மற்றவர் ஜி. வெங்கடேஷ். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சென்றால் சிறுசேரி வரும்.

கணினிப் பாடம் என்றதும் கணினியின் முன் அமர்த்துவார்கள் என்றுதானே எண்ணுவோம்? அவர்களோ காகிதச் சீட்டுக் கட்டுகளை எடுத்து வைத்தனர். ஒரு கட்டில் மாணவர்களின் மதிப்பெண்கள்; ஒரு கட்டில் கடைக்கணக்குச் சீட்டுகள்; மற்றொன்றில் ஒரு பத்தியின் சொற்கள், சீட்டுக்கு ஒரு சொல்லாக. மிக உயர்ந்த மதிப்பெண் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பார்க்காத சீட்டுகள் ஒரு பக்கம். ஒவ்வொன்றாக எடுத்து, இதுவரை கண்ட உயர்ந்த எண்ணோடு ஒப்பிட்டு, மறு பக்கம் வைத்துக்கொண்டே போக வேண்டும். கட்டு தீரும்போது விடை கையில் இருக்கும். கணினி செய்வதும் இதுவே. நிரல்மொழியின் ஓர் எழுத்தும் அறியாத மாணவன், சீட்டைக் கையால் நகர்த்தி நகர்த்தி, நிரல் எழுதுபவனின் எண்ணத்தைப் பெற்றுவிடுகிறான். கைப்பேசித் திரையில் இப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எழும்பூர் விடுதியின் மணல் என் கண்முன் வந்தது.

எனினும் வறுமைக்கு இவை மட்டும் மருந்தாகா. ஒரே கைப்பேசியை மூவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், வார ஒப்படைப்பின் கடைசி நாள் என்பது ஒரு கொடுமையாகவும் முடியலாம். தமிழக அரசு 2021இல் "இல்லம் தேடிக் கல்வி" என்று தன்னார்வலரைத் தெருத்தெருவாக அனுப்ப நேர்ந்தது ஏன் என்பதை நாம் மறக்கலாகாது. இணையத்தில் பாடம் அமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இப்பாடம் எந்நேரத்தில், யாருடைய கைப்பேசியில், எத்தகைய இரைச்சலுக்கு நடுவே கேட்கப்படும் என்பதாகும்.

என் பழைய பதிவுகளுள் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டேன். மதராஸ் முறை பற்றிய சொற்பொழிவை மட்டும் எடுத்து, எட்டு நிமிட அளவில் ஐந்து பகுதிகளாக மீண்டும் பதிவு செய்தேன். ஆண்டுகளையும் பெயர்களையும் எழுத்தில் தந்துவிட்டேன். முதற் பகுதிக்கு முன்பாகவே ஒரு வேலை கொடுத்தேன்: உன் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியோர் ஒருவரிடம், அவர் முதன்முதலில் எதன்மீது எழுதினார் என்று கேட்டு எழுதி வா, பதினைந்து நாள் தவணை, காகிதத்தில் எழுதித் தந்தாலும் ஏற்றுக்கொள்வேன். எல்லோரும் எழுதவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் எழுதினர். சிலேட்டு என்றனர் பலர். நெல் உமி பரப்பிய தட்டு என்றார் ஒருவர்.

சமைத்துக்கொண்டே என் குரலைக் கேட்ட அந்த மாணவியும் ஒரு தாள் கொண்டுவந்தாள். மாடம்பாக்கத்தில் வாழும் அவளுடைய பாட்டனார் சிறு வயதில் ஒரு திண்ணையில் மணலில் எழுதியவராம். எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டுமாம். வாய் திறவாமல் எழுதினால், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சட்டாம்பிள்ளை அதைக் காலால் அழித்துவிடுவானாம். "அது ஏன், ஐயா? எழுத்துத்தான் சரியாக இருக்கிறதே!" என்று தாளின் அடியில் கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியையே மறுவாரத்து ஒப்படைப்பாக வகுப்பு முழுவதற்கும் அனுப்பினேன்.